தகவல் அமைப்பா, தகவல் முறைமையா?

சேலத்தில் தமிழ் வழியில் வணிகவியல் படிப்பவர்கள் கையில் சுற்றும் பாடக் குறிப்பு ஒன்றில், ‘அமைப்புகளில் தகவல் அமைப்புகளின் வளர்ச்சி’ என்ற தலைப்பு கண்ணில் பட்டது. முதல் ‘அமைப்பு’ நிறுவனம். இரண்டாவது ‘அமைப்பு’, ‘இன்ஃபர்மேஷன் சிஸ்டம்’ என்பதில் வரும் சிஸ்டம். எதைக் கொண்டு மாணவர் இரண்டையும் பிரித்தறிவார்? இந்தக் குழப்பத்தைப் பலமுறை பார்த்துச் சலித்துவிட்டது.

‘சிஸ்டம்’ கிரேக்க வழிச் சொல். பலவற்றை ஒன்றாக நிற்கவைத்தது என்பது அதன் பொருள். ‘இன்ஃபர்மேஷன்’ லத்தீன் வழி வந்தது. உருக்கொடுத்தல் என்பது அதன் வேர். வேர்க்கதை இவ்வளவு போதும்.

பொருளுக்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. இங்கு குச்சிக்கிழங்கிலிருந்து ஆலைகள் எடுக்கும் ஜவ்வரிசியை விற்றுத்தர 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. மூட்டை கிடங்குக்கு வர வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும், தரம் பார்க்க வேண்டும், வியாபாரிகள் விலை கேட்க வேண்டும், ஆலைக்காரருக்குப் பணம் சேர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் அதைப் பார்த்து முடிவெடுக்கிறார். பேரேட்டில் எழுதினாலும் கணினியில் பதிந்தாலும் இந்த ஓட்டம்தான் இன்ஃபர்மேஷன் சிஸ்டம். சங்கம் ஓர் அமைப்பு. அதற்குள் தகவல் ஓடும் ஒழுங்கு வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லா?

‘அமைப்பு’ பழகிய சொல், ஏன் மாற்ற வேண்டும் என்கிறார்கள். எந்தப் பொருளில் பழகியது? தொண்டு அமைப்பு, உள்ளாட்சி அமைப்பு, அமைப்புசாராத் தொழிலாளர் என்றெல்லாம் நாளிதழில் படிக்கும் ஒருவர், ‘தகவல் அமைப்பு’ என்றால் தகவல் தரும் ஓர் அலுவலகம் என்றுதான் நினைப்பார். வீட்டின் அமைப்பு, முகத்தின் அமைப்பு என்னும்போதோ அது அசையாமல் நிற்கும் வடிவம். சிஸ்டம் வரும் இடத்திலெல்லாம் ஒரே சொல்லை ஒட்ட வேண்டும் என்று யார் விதித்தது? நரம்புக்கு மண்டலம் என்றோம், சூரியனுக்குக் குடும்பம் என்றோம். பொருளின் இயல்பு பார்த்துச் சொல் வைத்த மொழி இது.

தனித்தமிழ் ஆர்வலர் சிலர் ‘கட்டகம்’ என்கிறார்கள். தூய்மை எனக்கும் வேண்டியதே. ஆனால் கட்டகம் என்றதும் கட்டி முடித்த பொருள்தான் மனத்தில் நிற்கிறது. அதில் மனிதர் இல்லை, நடைமுறை இல்லை.

‘முறைமை’ இரண்டையும் தருகிறது. ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்று குறள் பேசும் முறை, ஒழுங்கோடு நடத்துதல். அதில் பிறந்த முறைமையும் தூய தமிழே. இலங்கைத் தமிழர் தகவல் முறைமை என்றும், ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பணிசெயல் முறைமை என்றும் பாடநூல்களிலேயே எழுதுகிறார்கள். நாம் ஏன் தயங்க வேண்டும்?

அந்தத் தலைப்பில் ‘டெவலப்மென்ட்’ என்பதற்கு ‘வளர்ச்சி’ என்று வைத்ததும் தவறு. பயிர் வளரும், பிள்ளை வளரும். தேவை கேட்டு, வரைந்து, நிரல் எழுதி, சோதித்துச் செய்வது உருவாக்கம். ‘நிறுவனங்களில் தகவல் முறைமைகளின் உருவாக்கம்’ என்றால் யாருக்குக் குழப்பம்? அகராதியின் முதல் சொல்லை எடுத்துவைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும் மொழிபெயர்ப்பாளர், எழுதிய வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தாலே போதும்.

தகவல் முறைமைகளைப் பற்றிப் படிக்கும் துறையையும் ‘தகவல் தொழில்நுட்பம்’ என்று மாற்றி எழுதுகிறார்கள். அதுவும் பொருந்தாது. வணிக வேலைக்குக் கணினியை முதன்முதலில் ஓடவிட்டது லண்டனில் தேநீர்க்கடைகளும் பேக்கரியும் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம்; 1951இல், லியோ என்ற இயந்திரத்தில். அதற்கு முன்பே தன் அலுவலக வேலைகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய அந்நிறுவனம் ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தது. அந்த ஆராய்ச்சிதான் இத்துறை. இயந்திரம் அதில் ஒரு பகுதி. எனவே துறையின் பெயர் தகவல் முறைமையியல் என்றே இருக்கட்டும்.