அந்தத் தாடையை அங்கேயே விட்டிருக்கலாமே

போன வாரம் மறுபடியும் ஒரு ஜிப் கவர் என் மேசைக்கு வந்தது. உள்ளே டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஒரு கீழ்த்தாடைப் புதைபடிவம். சுண்டுவிரல் நீளம்தான். டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, உடைந்த இடத்தில் சூப்பர் குளூ வைத்திருந்தார்கள். கறியைக் கத்தரிக்கும் அந்தக் கடைவாய்ப்பல் மட்டும் மினுமினுப்புக் குறையாமல் இருந்தது. ஹெஸ்பெரோசையன். நாய்க் குடும்பத்தின் மிகப் பழைய உயிர்களில் ஒன்று. நேரில் பார்த்தால் நாய் என்று சொல்லமாட்டீர்கள். மரநாய்ச் சாயல், நீண்ட வால், ஒன்றிரண்டு கிலோ எடை.

எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். "பேட்லாண்ட்ஸ் பக்கம், ரோட்டோரம்." அவ்வளவுதான் பதில். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், மழை அரித்த குன்றுகள் நிறைந்த தேசியப் பூங்கா அது.

அப்புறம் வழக்கமான பேச்சு: "விட்டிருந்தால் மழையில் போயிருக்கும், காப்பாற்றிக் கொண்டுவந்தேன்." கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மழை அரிக்கும், உண்மைதான். தெற்கு டகோட்டாவின் அந்தக் குன்றுகள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் தேய்கின்றன. ஆனால் எலும்பு மட்டும் மிஞ்சினால் போதுமா? அங்கே பாறை இரண்டு அடுக்காக இருக்கிறது: கீழே பழைய சாட்ரான் அடுக்கு, மேலே புதிய புரூல் அடுக்கு. இரண்டுக்கும் நடுவே, சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி குளிர்ந்து காடு குறைந்தது, வெட்டவெளி பெருகியது. ஹெஸ்பெரோசையன் இரண்டு காலத்திலும் இருந்தது. இந்தத் தாடைக்குரியது எந்தக் காலத்தில் வேட்டையாடியது? பல் சொல்லாது, கிடந்த மண்தான் சொல்லும். எரிமலைச் சாம்பல் எத்தனை அடி தள்ளி இருந்தது, வேர்த்தடம் உண்டா, பக்கத்தில் ஆமை ஓடு கிடந்ததா? ஒட்டியிருந்த துளி மண்ணையும் கழுவி ஊற்றிவிட்டார்கள்.

பசை விஷயமும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒட்டுவது அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற பிசின். தவறினால் மறுபடி கரைத்துப் பிரிக்கலாம். சூப்பர் குளூவைப் பிரிக்க எனக்கு ஒரு பகல் முழுக்கப் போனது.

இப்படி எலும்பைக் கண்டால் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு காசு வைத்து ஒரு படம், குன்று தெரியத் தள்ளி நின்று இன்னொரு படம். போனில் ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே பூங்காக் காவலரான ரேஞ்சரிடம் சொல்லுங்கள். தேசியப் பூங்காவில் எடுப்பது குற்றம். 2009ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அதைக் கறாராகவே சொல்கிறது. 2010இல் அதே பேட்லாண்ட்ஸ் பூங்காவில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி வாள்பல் விலங்கின் மண்டையோட்டைக் கண்டாள். போய் ரேஞ்சரிடம் சொன்னாள். அந்த வயதில் அவளால் முடிந்தது.

ஏற்கெனவே வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர்களே, தயவுசெய்து இனியாவது கழுவாதீர்கள், ஒட்டாதீர்கள். அந்தப் பயணத்தில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள், கொண்டுவரும்போது அவற்றையும் கொண்டுவாருங்கள். குடும்பப் படத்துக்குப் பின்னால் குன்றின் வரிகள் கொஞ்சம் தெரிந்தால்கூட, எந்த அடுக்கு என்று தேட எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.