கேலிபரேஷன்: அளவுத்திருத்தமா, அளவொப்பீடா?

கேலிபரேஷனுக்குத் தமிழில் 'அளவுத்திருத்தம்' என்ற சொல் பரவலாக வழங்குகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கருவி காட்டும் அளவை, முன்பே தெரிந்த அளவோடு ஒப்பிடுவதுதான் கேலிபரேஷன்; அதில் கருவியைத் திருத்துவதே இல்லை.

அரபியில் 'காலிப்' என்றால் வார்ப்பு அச்சு. அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போய், பிரெஞ்சில் பீரங்கிக் குழாயின் உள்விட்டத்தைக் குறிக்கும் 'காலிப்ர்' ஆனது. அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் 'கேலிபரேட்' என்ற ஆங்கில வினைச்சொல் பிறந்தது. அரபுச் சொல்லுக்கும் மூலம் கிரேக்கம் என்பார்கள்: செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும், பாத வடிவிலான மர அச்சு.

ஒளி அலையின் முகப்பு எந்த வடிவில் வருகிறது என்று அளக்கும் ஷாக்-ஹார்ட்மன் அலைமுகப்பு உணரியை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் யோஹான்னஸ் ஹார்ட்மன் தொலைநோக்கியைச் சோதிக்கத் துளையிட்ட தகட்டைப் பயன்படுத்தினார். பிற்பாடு அரிசோனா பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் ஷாக்கும் பென் பிளாட்டும் துளைகளுக்குப் பதிலாக நுண்வில்லைகளை வைத்தார்கள். 1971இல் அதை வெளியிட்டார்கள். ஒவ்வொரு நுண்வில்லையும் கேமராவில் ஓர் ஒளிப்புள்ளியை விழவைக்கும். அந்த இடத்தில் அலைமுகப்பு சாய்ந்திருந்தால் புள்ளி நகரும். குவியத்தூரம் 5 மில்லிமீட்டர், சாய்வு 1 மில்லிரேடியன் என்றால் நகர்வு 5 மைக்ரோமீட்டர். பல கேமராக்களில் அது ஒரு பிக்சல் அளவுதான்.

எங்கிருந்து நகர்ந்தது என்பதற்குத்தான் கேலிபரேஷன். வடிவம் நமக்கு முன்பே தெரிந்த ஓர் அலைமுகப்பை உணரிக்குக் காட்டிப் புள்ளிகளின் இடங்களைப் பதிந்துகொள்ள வேண்டும். லேசர் ஒளியை ஊசித்துளை வழியே விட்டு, வில்லையால் இணைக்கதிராக்கிக் காட்டலாம். ஆனால் அந்த வில்லையின் குறை அப்படியே பதிவிலும் ஏறிவிடும். ஒற்றைப்பாங்கு ஒளியிழையின் (சிங்கிள்-மோட் ஃபைபர்) நுனியை நேரே உணரியின் எதிரில் வைப்பதே எனக்குப் பிடித்த வழி. இடையில் வில்லை கிடையாது; வருவது ஏறத்தாழ அப்பழுக்கற்ற கோள அலை. அலையின் வளைவு என்பது 1ஐத் தூரத்தால் வகுத்தது: நுனி 1 மீட்டரில் இருந்தால் வளைவு மீட்டருக்கு 1. 2 மீட்டரில் இருந்தால் 0.5. உணரி காட்டும் எண்களை இவற்றோடு ஒப்பிட்டால், நுண்வில்லைக்கும் கேமராவுக்கும் உள்ள உண்மையான தூரம் கிடைத்துவிடும்.

இதில் ஒரு திருகைக்கூடத் தொடுவதில்லை. கற்றைக்குச் செங்குத்தாக உணரியைத் திருப்புவதும், புள்ளி வரிசை பிக்சல் வரிசையோடு ஒத்துப்போகும்படி சுழற்றுவதும் அதற்கு முந்தைய வேலை. அது அலைன்மென்ட், தமிழில் 'நேரமைத்தல்' எனலாம். கேலிபரேஷனையும் கருவியைச் சரிசெய்வதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று பன்னாட்டு அளவியல் சொற்தொகுதியே குறிப்பிடுகிறது.

'தரப்படுத்தல்' என்ற சொல்லும் இதற்குப் பொருந்தாது; அது ஸ்டாண்டர்டைசேஷனுக்கு உரியது. கேலிபரேஷனுக்கு 'அளவொப்பீடு' என்பதையே பரிந்துரைப்பேன். வினையாக, 'உணரியை அளவொப்பிட்டாயிற்றா?' என்று கேட்கலாம். சான்றிதழில் 'அளவொப்பீட்டு நாள்' என்று எழுதலாம்.