ஒரு மைக்ரான் விலகினால் என்ன ஆகும்?

ஒளியிழையைப் பற்றிய பாடங்களில் ஒரு படம் தவறாமல் இருக்கும்: கண்ணாடியின் சுவரில் மாறி மாறி மோதிக்கொண்டு முன்னேறும் ஓர் ஒளிக்கதிர். முழு அக எதிரொளிப்பை விளக்க அது போதும். ஆனால் கடலடியிலும் சாலையோரங்களிலும் வீட்டுச் சுவர்களிலும் இன்று தரவைச் சுமக்கும் சிங்கிள் மோட் இழைக்கு அந்தப் படம் பொருந்தாது.

அந்த இழையில், ஒளி செல்லும் நடுப்பகுதியான உள்ளகத்தின் விட்டம் சுமார் 8 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதைச் சூழ்ந்த கண்ணாடி உறையையும் சேர்த்தால் 125 மைக்ரான். ஒளியின் அலைநீளமோ 1.3 அல்லது 1.55 மைக்ரான். அலைநீளத்தைப் போல ஐந்தாறு மடங்கே அகலமுள்ள இடத்தில் ஒளியைக் கதிராக நினைக்க முடியாது. அலையாகவே பார்க்க வேண்டும். உள்ளகத்தில் சிறிது ஜெர்மானியம் டையாக்சைடு கலப்பதால் அதன் ஒளிவிலகல் எண் உறையைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு சதவீதம் கூடுகிறது. இந்தச் சிறு வேறுபாடும் குறுகிய அகலமும் சேர்ந்து ஒரே ஓர் அலைவடிவத்தை மட்டும் அனுமதிக்கின்றன. உள்ளகம் தடித்த மல்ட்டி மோட் இழையில் பல வடிவங்கள் வெவ்வேறு வேகத்தில் போய்ச் சேர்வதால் தரவைச் சுமக்கும் ஒளித் துடிப்பு கலைந்துவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

அந்த ஒற்றை அலை உள்ளகத்துக்குள் முழுதாக அடங்குவதில்லை. 1310 நானோமீட்டரில், அதாவது 1.31 மைக்ரானில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒளி உறைக்குள் பரவியபடியே செல்கிறது. 1550இல் இன்னும் அதிகம். ஆகவே ஒளி பரவியிருக்கும் வட்டத்தின் விட்டத்தைத் தனியாகச் சொல்வார்கள்: பரவலாகப் பயன்படும் இழையில் 1310இல் சுமார் 9.2 மைக்ரான், 1550இல் சுமார் 10.4. இழையின் குணங்களில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

கண்ணாடியின் தூய்மை இன்னொரு பெரிய கதை. தூய்மையான கண்ணாடியால் தொலைத்தொடர்பு சாத்தியம் என்று 1966இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் எழுதினார்கள். 1970இல் கார்னிங் நிறுவனத்தின் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் ஆகியோர் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்புக்குக் கீழே போய்க் காட்டினார்கள். 20 டெசிபெல் என்றால் ஒரு கிலோமீட்டர் கடந்ததும் நூறில் ஒரு பங்கு ஒளியே மிஞ்சும். இன்றைய இழையில் 1550 நானோமீட்டரில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல், அதே நூறில் ஒரு பங்கு மிஞ்சுவதற்குள் ஒளி நூறு கிலோமீட்டர் போய்விடுகிறது.

இழை வகைகளைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எண்களால் பிரித்திருக்கிறது. எங்கும் காண்பது ஜி.652டி. 1383 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும் நீர்க் கூறுகளை இதில் ஏறக்குறைய நீக்கிவிட்டார்கள். ஆனால் 1550இல் வெவ்வேறு அலைநீளங்கள் சற்றே வெவ்வேறு வேகத்தில் செல்வதால் துடிப்பு விரிகிறது. அந்த விரிவை 1550இல் பூச்சியமாக்கவே ஜி.653 வந்தது, ஜப்பானில் அதை நிறையப் பதித்தார்கள். பிறகு ஒரே இழையில் பல அலைநீளங்களை அனுப்பும் காலம் வந்தது. வேகம் ஒன்றாக இருந்ததால் அலைகள் ஒன்றோடொன்று கலந்து வேண்டாத புதிய அலைகளை உண்டாக்கின. குறை என்று நீக்கப்பட்ட விரிவே காவலாகவும் இருந்திருக்கிறது! எனவே ஜி.655 அதைக் கொஞ்சம் மிச்சம் வைத்தது. இப்போது பெறும் முனையில் கணினிச் சில்லுகளே விரிவைக் கணக்கிட்டுச் சரிசெய்வதால், பழைய ஜி.652டியே நீண்ட தூரத்துக்கும் போதுமானதாகிவிட்டது. கடலடிக் கம்பிகளுக்கு ஒளிவட்டம் பெரிதான ஜி.654 உண்டு.

வீடுகளுக்குள் சிக்கல் வேறு. வளைவில் வெளிப்புறத்தில் ஓடுபவர் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதுபோல, இழை வளையும்போது உறையின் வெளிப்பக்கத்தில் உள்ள ஒளி மற்றதோடு சேர்ந்து போக முடியாமல் கசிந்துவிடுகிறது. ஜி.657 இழையில் உள்ளகத்தைச் சுற்றி ஒளிவிலகல் எண் குறைந்த ஒரு வளையம் வைத்து இந்தக் கசிவைத் தடுக்கிறார்கள்.

இனி இணைப்பு. நிரந்தர இணைப்புக்கு மின் தீப்பொறியால் உருக்கி ஒட்டுவார்கள். ஸ்பிளைசிங் என்பது தொழிலில் வழங்கும் பெயர். முதலில் பாதுகாப்புக் குழலை இழையில் கோத்துவிட வேண்டும். மறந்தால் ஒட்டியதை வெட்டி மறுபடி தொடங்க வேண்டியதுதான். பிறகு பிளாஸ்டிக் பூச்சை உரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, கிளீவரில் வைத்து முறிப்பார்கள். அது வெட்டுவதில்லை. கூரான அலகு மேற்பரப்பில் ஒரு கீறல் போடும். இழுவிசையில் விரிசல் குறுக்கே ஓடி, முகம் கண்ணாடிபோல் வழவழப்பாகும். முகத்தின் சாய்வு ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். முறித்த பின் முனையைத் துடைக்கவும் கூடாது, தொடவும் கூடாது. தெறிக்கும் துணுக்கு தோலுக்குள் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. அதற்கென உள்ள டப்பாவில்தான் சேர்க்க வேண்டும்.

இயந்திரம் இரு முனைகளையும் இரண்டு திசைகளிலிருந்து படம்பிடித்து, உள்ளகங்களை நேர்ப்படுத்தி, தீப்பொறியில் உருக்கி ஒட்டுகிறது. சில விநாடி வேலைதான். நல்ல ஒட்டில் இழப்பு 0.05 டெசிபெல்லுக்குள் இருக்கும். உள்ளகங்கள் ஒரு மைக்ரான் விலகினால் 1550இல் சுமார் 0.16 டெசிபெல் போய்விடும். 800 மீட்டர் இழை விழுங்குகிற ஒளி அந்த ஓர் இடத்திலேயே தொலைகிறது. ஒளிவட்டம் சிறுத்தால் இதே விலகல் இன்னும் அதிகமாக உறுத்தும். தீப்பொறியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஒட்டின் தரம் பெரும்பாலும் அதற்கு முந்தைய துடைப்பிலும் முறிப்பிலும்தான் இருக்கிறது.

கழற்றி மாட்ட வேண்டிய இடத்தில் கனெக்டர். இரு முகங்களுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒளி திரும்பி வரும். ஆகவே முகங்கள் ஒன்றையொன்று தொடும்படி மெருகேற்றுகிறார்கள். பச்சை நிறக் கனெக்டரில் முகம் 8 டிகிரி சாய்ந்திருக்கும். திரும்பும் ஒளி உறைக்குள் சிதறிவிடும். அதை நேர்முக நீலக் கனெக்டரோடு மாட்டவே கூடாது.

வேறு வகை இழைகளை ஒட்டியபின், இழப்பை ஒரு முனையிலிருந்தே அளக்கும் ஓடிடிஆர் கருவியில் அளந்தால், சில ஒட்டுகளில் ஒளி கூடியதாகவே காட்டும். ஒட்டு ஒளியை உண்டாக்காது. இந்தக் கருவி, கண்ணாடியில் சிதறித் திரும்பும் ஒளியை வைத்தே கணிக்கிறது. ஒளிவட்டம் சிறிய இழை, சிதறிய ஒளியில் அதிகப் பங்கைத் திருப்பி அனுப்பும். பெரியதிலிருந்து சிறியதற்குப் போனால் பொய்யான ஆதாயம். எதிர்த்திசையில் அளந்தால் அதே ஒட்டு மிகையான இழப்பு. இரு முனைகளிலிருந்தும் அளந்து சராசரி எடுத்தால் உண்மையான இழப்பு கிடைக்கும்.