டவர் லைன் பக்கத்துல வீடு பாக்கறீங்களா, தலைமாட்டுச் செவுத்தையும் பாருங்க

எங்கக்காவுக்கு டவர் லைன் பக்கம் போனாவே தலை கனக்கும், கை விறுவிறுங்கும், அன்னிக்கு ராத்திரி தூக்கமே வராதுங்க. ஆடி முடிஞ்சதும் அவிநாசிக்கும் பெருமாநல்லூருக்கும் நடுவுல அவளுக்கு வாடகை வீடு தேட ஆரம்பிச்சோம், எங்க போனாலும் ஒரு பக்கம் 110 கேவி (ஒரு கேவின்னா ஆயிரம் வோல்ட்) லைன், இன்னொரு பக்கம் 230 கேவி லைன், நடுத்தோட்டத்துல செல்போன் டவர். 1932ல பைக்காரா கரண்டு வந்ததுல இருந்து மில்லு, பம்புசெட்டு, தறின்னு நம்ம பக்கம் எல்லாமே கரண்டை நம்பித்தான் ஓடுது, கம்பி கண்ணுல படாத வீடு எங்க கெடைக்கும்? அதனால டவர் இருக்கா இல்லையான்னு பாக்கறத உட்டுட்டு, அதுல இருந்து வர்றது என்ன, வீட்டுக்குள்ள எவ்வளவு வருதுன்னு பாக்கலாம்னு எறங்குனேன்.

மொதல்ல ரெண்டு விசயத்தப் பிரிச்சுக்கோணும். கம்பில வோல்டேஜ் இருந்தாலே எலக்ட்ரிக் ஃபீல்டு (மின்புலம்) இருக்கும், கரண்டு ஓடுனாத்தான் மேக்னடிக் ஃபீல்டு (காந்தப்புலம்). 400 கேவி லைனுக்கு அடியில ட்யூப்லைட்டக் கையில புடிச்சு நின்னா வயரே இல்லாம லேசா எரியும், அது எலக்ட்ரிக் ஃபீல்டு பண்ற வேலை. இது செவுரு, மரம் எது குறுக்க வந்தாலும் அடங்கிரும், வீட்டுக்குள்ள பெருசா வராது. ஆனா வெளிய, லைனுக்கு அடியில தகரக் கொட்டகையோ கம்பி வேலியோ எர்த் இல்லாம இருந்தா அதுல சார்ஜ் ஏறி, தொட்டா சுருக்குனு அடிக்கும். இது நெசமான ஷாக், சொல்றவங்கள மனப்பிராந்தின்னு ஒதுக்கக் கூடாது. பனி பெய்யற விடியக்காலைல பெரிய லைன் சடசடன்னு சத்தம் போடறதும் நெசம்தான், கம்பியச் சுத்தி காத்து அயனியாகறதால வர்ற சத்தம் அது, தூக்கம் கெட அதுவே போதும்.

மேக்னடிக் ஃபீல்டு அப்படியில்லைங்க, செவுத்தையும் தாண்டி வரும். அதைக் கொறைக்கறது தூரம்தான், அது போக இன்னொண்ணும் இருக்கு. தோட்டத்துல மோட்டார் ஓட்டறவங்க தெனமும் மூணு பேஸ் வந்துருச்சான்னு கேப்பாங்கள்ல, அந்த மூணு கம்பிலயும் கரண்டு ஒண்ணுக்கொண்ணு முன்னப்பின்ன அலையுது, எந்த நொடில கூட்டுனாலும் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால தள்ளி நின்னு பாத்தா ஒண்ணோட ஃபீல்டை இன்னொண்ணு அழிச்சுரும், தூரம் ரெண்டு மடங்கானா ஃபீல்டு கால்வாசிக்கு வந்துரும். வீட்டு வயரிங்லயும் இதே கணக்குதான், பேஸும் நியூட்ரலும் ஒட்டிப் போனா அழிஞ்சுரும், யாராவது தப்பா இழுத்து ரெண்டையும் வேற வேற வழில உட்டுட்டா அழியாது, ரூம் முழுக்க ஃபீல்டு நிக்கும்.

அளவு சொல்றேன். மேக்னடிக் ஃபீல்டை மைக்ரோ டெஸ்லாங்கற அளவுல சொல்லுவாங்க. நம்ம வீட்டுக் கரண்டு அலையற 50 ஹெர்ட்ஸுக்கு பொதுமக்கள் வரம்புன்னு ஐசிஎன்ஐஆர்பி (இதுக்கெல்லாம் பாதுகாப்பு வரம்பு சொல்ற சர்வதேச அமைப்பு) 2010ல வச்சது 200 மைக்ரோ டெஸ்லா. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002ல இந்த மேக்னடிக் ஃபீல்டை புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம்ங்கற 2பி பட்டியல்ல சேத்துச்சு, சராசரியா 0.3ல இருந்து 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல இருக்கற வீடுகள்ல கொழந்தைகளுக்கு ரத்தப் புற்று கொஞ்சம் அதிகமாத் தெரிஞ்சதுதான் காரணம், ஆனா ஃபீல்டுதான் அதை உண்டாக்குதுன்னு நிரூபணமாகல. 200க்கும் 0.4க்கும் நடுவுல எவ்வளவு எடைவெளின்னு பாருங்க, நான் கொழந்தைக படுக்கற எடத்துக்கு இந்தச் சின்ன நம்பரைத்தான் கணக்குல வச்சுக்குவேன்.

ஒரு எலக்ட்ரீசியன் அண்ணங்கிட்ட மேக்னடிக் ஃபீல்டை அளக்கற காஸ் மீட்டர் எரவல் வாங்கிட்டுப் போனோம். அது மில்லிகாஸ்ல காட்டும், 10 மில்லிகாஸ் ஒரு மைக்ரோ டெஸ்லா, கீழ எல்லாத்தையும் மைக்ரோ டெஸ்லாவா மாத்தித்தான் சொல்றேன். செல்போன் ஆப்பை நம்பாதீங்க, அது 40 மைக்ரோ டெஸ்லான்னு காட்டி பயமுறுத்தும், அது பூமியோட சொந்தக் காந்தம், அலையாம நிக்கறது, காலம்பூரா நாம அதுலதான் இருக்கோம். சத்தீஸ்கர் ராய்கர்ல இருந்து கரூர் பக்கம் புகளூருக்கு வர்ற 800 கேவி டிசி லைன்ல கரண்டு ஒரே தெசைல ஓடறதால, அதுல வர்றதும் அதே மாதிரி அலையாத காந்தம்தான். சாயந்தரம் ஏழு மணிக்கு மேல, தறி ஓடி, ஏசி ஓடி லோடு ஏறுன நேரத்துல அளந்தோம். லைன்ல இருந்து எண்பது மீட்டர் தள்ளி இருந்த வீட்டு வாசல்ல 0.04தான் காட்டுச்சு. பெட்ரூம்ல தலகாணி வைக்கற எடத்துல 0.9. அக்கா மொகம் செத்துப்போச்சு. செவுத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பாத்தா நாலு போர்ஷனுக்கும் சேத்து ஈபி மீட்டர் போர்டு. கட்டலை எதிர்ச் செவுத்துக்கு, மூணு மீட்டர் தள்ளி நகர்த்துனோம், 0.05க்கு வந்துருச்சு.

செல்போன் டவர் வேற சங்கதி. அதோட ஆன்டெனா ரேடியோ அலையைக் கெடைமட்டமாத்தான் வீசும், லேசாக் கீழ சாஞ்சு, அதனால நேர் அடியில கம்மி, எதிர்ல அதே ஒசரத்துல இருக்கற மொட்டைமாடிலதான் அதிகம். 900 மெகாஹெர்ட்ஸுக்கு ஐசிஎன்ஐஆர்பி வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட், நம்ம நாட்டுல 2012 செப்டம்பர்ல அதுல பத்துல ஒரு பங்கா வச்சாங்க. டவர் ரொம்பத் தூரமா இருந்தா சிக்னலைப் புடிக்க நம்ம போனே கூடுதலா வீசும், அது காதோட ஒட்டி இருக்கு.

அக்காகிட்ட மறைக்காமச் சொன்னது ஒண்ணு இருக்கு. ஃபீல்டு ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு கலந்துக்கறவங்களுக்குத் தெரியாம வச்சு நடத்துன சோதனைகள்ல, எனக்கு ஒத்துக்காதுன்னு சொன்னவங்களால அதைக் கண்டுபுடிக்க முடியல, 2005ல தொகுத்த 31 சோதனைல 725 பேர். ஆஃப்ல இருக்கும்போதும் ஆன்ல இருக்குன்னு நெனச்சா வலி வந்துச்சு. வலி பொய்னு இதுக்கு அர்த்தமில்ல, உலக சுகாதார நிறுவனமே அறிகுறி நெசம்னுதான் சொல்லுது, காரணம் ஃபீல்டுன்னு காட்ட முடியலைங்கறாங்க. அவ கொஞ்ச நேரம் பேசல. "அப்ப எனக்கு என்னதான்டா பண்ணுது?"ன்னா. தைராய்டு, பி12, ஒத்தத் தலைவலி எல்லாம் டாக்டர்கிட்ட காட்டலாம் வாக்கான்னு கூட்டிட்டுப் போனேன்.

அந்த வீட்டையே எடுத்துட்டோமுங்க. லைனுக்குக் கீழ 22 மீட்டர் அகலத் தடம் 110 கேவிக்கு உடோணும், வீடு அதுக்கு வெளியதான் இருக்கு, ஆனா வீட்டுக்காரரோட மாட்டுக்கொட்டகைத் தகரம் தடத்துல பாதி நிக்குது. அதைப் பிரிச்சு இந்தப் பக்கமா மாத்தச் சொல்லிருக்கோம், மாத்தற வரைக்கும் தகரத்துக்கு எர்த் அடிச்சாச்சு.