ஆடும் பாரம், கோணும் பாலம்: மேலோடும் பாரந்தூக்கி எங்கே பிசகுகிறது

கப்பி போட்ட கிணற்றில் தண்ணீர் அள்ளிப் பழகிய எவருக்கும் இது தெரியும்: கயிற்றை வெட்டி இழுத்தால் வாளி ஆடி கட்டுச்சுவரில் மோதும், நிதானமாக எடுத்தால் நேரே மேலே வரும். வாளியின் நிறை இரண்டு முறையும் ஒன்றுதான். பட்டறைக் கூரைக்குக் கீழே 5 தொன் இயந்திரமொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் பாரந்தூக்கியும் இப்படியே நடந்துகொள்கிறது. எத்தனை தொன் தாங்கும் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். அது எப்படிப் புறப்படுகிறது, எப்படி நிற்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆட்டமும் கோணலும் அந்தச் சில செக்கன்களில்தான் தொடங்குகின்றன.

முதலில் அதன் அமைப்பைப் பார்ப்போம். பட்டறையின் இரு பக்கத் தூண்களின்மேல் இரண்டு தண்டவாளங்கள். அவற்றின்மேல் நான்கு சில்லுகளில் ஓடும் உருக்குப் பாலம். பாலத்தின்மேல் குறுக்கே ஓடும் ட்ரொலி. வடம் சுற்றும் உருளையும் அதன் மோட்டரும் பிறேக்கும் ட்ரொலியில் இருக்கின்றன, கொழுக்கி கீழே தொங்குகிறது. யாழ்ப்பாணத்து அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டை போன்ற இடத்தில் நடுத்தரமான ஒரு பட்டறையை எண்ணிக்கொள்வோம்: பாலத்தின் நீளம் 15 மீற்றர், ஓடும் வேகம் நிமிடத்துக்கு 20 மீற்றர், மேற்கப்பியிலிருந்து பாரத்தின் நடு வரை 4 மீற்றர்.

தொங்கும் பாரம் ஓர் ஊசல். உயர்தரப் பௌதிகத்தில் படித்தபடி அதன் அலைவுகாலம் நீளத்தில்தான் தங்கியிருக்கிறது, நிறையில் அல்ல. 1 மீற்றருக்கு 2 செக்கன், 4 மீற்றருக்கு 4 செக்கன், 9 மீற்றருக்கு 6 செக்கன். பாரம் 1 தொன் ஆனாலும் 5 தொன் ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது. நீளத்தை அளக்கும்போது வடத்தோடு நிறுத்திவிடக்கூடாது. கொழுக்கிக்குக் கீழே போட்டிருக்கும் கட்டுவடமும் பாரத்தின் புவியீர்ப்பு மையம் வரையான தூரமும் சேர வேண்டும்.

நிமிடத்துக்கு 20 மீற்றர் என்பது செக்கனுக்கு 33 சென்ரிமீற்றர். பாலம் ஒரே வெட்டில் அந்த வேகத்தைப் பிடித்தால் பாரம் இரு பக்கமும் 21 சென்ரிமீற்றர் வீதம் ஆடும். 1 செக்கனில் பிடித்தால் 19 சென்ரிமீற்றர். ஆறுதல் ஒன்றும் இல்லை. ஆனால் சீரான ஆர்முடுகலோடு சரியாக 4 செக்கன், அதாவது ஒரு முழு அலைவுகாலம் எடுத்தால், பாரம் இடையில் 7 சென்ரிமீற்றர் மட்டில் பின்தங்கிப் பிறகு தானே கொழுக்கிக்கு நேர் கீழே வந்து சேர்ந்துகொள்ளும். அதன்பின் ஆட்டமே இல்லை. 3 செக்கன் எடுத்தால் கொஞ்சம் மிஞ்சும், 5 செக்கன் எடுத்தாலும் கொஞ்சம் மிஞ்சும். மெதுவாகப் போனால் போதும் என்று நினைப்பவர்கள் தவறவிடும் இடம் இது. ஆட்டத்தை அழிப்பது அலைவுகாலத்தோடு பொருந்திய நேரம்.

இன்னொரு வழியும் உண்டு, இது கையாலேயே செய்யக்கூடியது. வேகத்தைப் பாதிப் பாதியாக இரண்டு படிகளில் கொடுக்க வேண்டும். முதலில் அரை வேகம். அரை அலைவுகாலம், அதாவது 2 செக்கன் கழித்து முழு வேகம். முதற்படி உண்டாக்கும் அலைவை இரண்டாம் படி உண்டாக்கும் அலைவு எதிர்ப்பக்கமாக வந்து தின்றுவிடும். நிறுத்தும்போதும் அப்படியே: அரை வேகத்துக்கு இறக்கி, 2 செக்கன் பொறுத்து, நிறுத்த வேண்டும். மீடிறனை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வேட்டர் பூட்டிய பாரந்தூக்கிகளில் இதைக் கருவியே செய்யும். ஆட்டத்தடுப்பு வசதி உள்ளவை வடத்தின் நீளத்தை உருளையின் சுழற்சியிலிருந்து கணக்கிட்டு நேரத்தைத் தாமே மாற்றிக்கொள்ளும். கட்டுவடத்தின் நீளம் மட்டும் கருவிக்குத் தெரியாது. அதை இயக்குநர் கொடுக்காவிட்டால் கணக்குப் பிசகும்.

இன்வேட்டர் போட்டதும் மறக்கப்படுகிற ஒன்று நிற்கும் தூரம். 4 செக்கனில் நிற்கும்படி வைத்தால், பொத்தானை விட்ட பிறகும் பாலம் 67 சென்ரிமீற்றர் ஓடும். பழைய இயந்திரத்தில் பழகியவர் சுவருக்கு அரை மீற்றர் இருக்கும்போது பொத்தானை விடுவார். அவசர நிறுத்தியோ இந்த மெதுவான நிறுத்தம் எதையும் பார்க்காது. பிறேக் உடனே இறுகும், பாரம் 21 சென்ரிமீற்றர் ஆடும். அதை ஆபத்துக்கு மட்டும் அழுத்த வேண்டும்.

அடுத்தது கோணல். கோயில் தேரில் ஒரு வடத்தைப் பிடித்தவர்கள் மற்ற வடத்தாரைவிடக் கூட இழுத்தால் தேர் திரும்பிவிடும், சறுக்குக்கட்டை போட்டு நேராக்க வேண்டும். பாரந்தூக்கிப் பாலத்துக்குச் சறுக்குக்கட்டை போட ஆளில்லை. ஒரு முனை முந்தினால் சில்லின் விளிம்பு தண்டவாளத்தின் பக்கத்தில் உரசித்தான் அதை நிறுத்தும். ட்ரொலி பாரத்தோடு ஒரு முனைக்குப் போனாலே இரு பக்கச் சில்லுகளின் சுமையும் வேறுபடும், கோணலுக்கு அதுவே போதும். ஆகவேதான் ஒரே பக்கத்துச் சில்லுகளுக்கிடையிலான தூரம் பாலத்தின் நீளத்தில் ஏழில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்பது வடிவமைப்பு வழக்கம். 15 மீற்றர்ப் பாலத்துக்கு அது 2.1 மீற்றர்.

சில்லின் தேய்மானம் செய்யும் கேடு கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்க ஓட்டுச்சில்லு 250 மில்லிமீற்றர் விட்டம், மறுபக்கத்தது 251 என்று வையுங்கள். இரண்டும் ஒரே சுழற்சியில் ஓடினால் 10 மீற்றர் போவதற்குள் ஒரு முனை மற்றதைவிட 40 மில்லிமீற்றர் முந்த முயலும். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தின் விலை அது. மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரண்டு சில்லுகளின் விளிம்பு மட்டும் பளபளப்பாக இருந்தால், தண்டவாளத்தின் கீழே இரும்புத் தூள் உதிர்ந்திருந்தால், ஓடும்போது கிறீச்சென்று கத்தினால், பாலம் கோணி ஓடுகிறது என்று பொருள். அப்போது பலரும் தண்டவாளத்தில் கிறீஸ் பூசுகிறார்கள். சத்தம் அடங்கும், ஆனால் ஒரு பக்கச் சில்லு வழுக்கும், கோணல் கூடும், பிறேக் பிடிக்கும்போதும் பாலம் சறுக்கும். தேய்ந்த விளிம்பை வெல்டிங்கால் நிரப்புவதும் அதே வகைத் தவறு. கடினப்படுத்திய உருக்கில் அந்த வெப்பம் வெடிப்பை விதைக்கும். சோடிச் சில்லுகளை ஒரே விட்டத்துக்குக் கடைந்து போடுவதே வைத்தியம்.

சில்லு சரியாக இருந்தும் கோணினால் தண்டவாளத்தை அளக்க வேண்டும். 15 மீற்றர் இடைவெளிக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றருக்குமேல் கூடவோ குறையவோ கூடாது. வெப்பநிலை 15 பாகை உயர்ந்தால் 15 மீற்றர் உருக்குப் பாலம் 2.7 மில்லிமீற்றர் நீளும். தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் எடுத்த அளவையும் விடியலில் எடுத்ததையும் ஒப்பிட்டுக் குழம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குடாநாட்டின் அடியில் இருப்பது மழைநீர் கரைத்துப் பொந்துகள் விழும் மயோசீன் சுண்ணக்கல். தூணின் அத்திவாரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று துளையிட்டுப் பார்க்காமல் கட்டிய பட்டறையில் ஒரு தூண் சில மில்லிமீற்றர் இறங்கினாலே தண்டவாளத்தின் மட்டம் போய்விடும்.

மின்சாரத்துக்கு வருவோம். இங்கே மிகவும் அஞ்ச வேண்டிய பிழை ஒன்று இருக்கிறது, பொத்தானை அழுத்தும்வரை வெளியே ஓர் அடையாளமும் காட்டாதது. மின்வெட்டுக்கு ஜெனரேற்றரை மாற்றும்போதோ, புதிய வயர் இழுக்கும்போதோ மூன்று பேஸ்களில் இரண்டு இடம் மாறிப்போனால் எல்லா மோட்டர்களும் எதிர்ப்பக்கம் சுழலும். ‘மேலே’ பொத்தானை அழுத்தினால் கொழுக்கி கீழே வரும். ‘சரி, இன்றைக்கு மாற்றி அழுத்துவோம்’ என்று சமாளிப்பவர் உயிரோடு விளையாடுகிறார். கொழுக்கி உச்சியைத் தொடும்போது நிறுத்தும் எல்லை ஆளி, வழமையான அமைப்பில், ‘மேலே’ என்ற சுற்றைத்தான் துண்டிக்கும். இப்போது கொழுக்கியை மேலே இழுப்பது ‘கீழே’ என்ற சுற்று. ஆளி வேலை செய்யும், ஆனால் மோட்டர் நிற்காது. கொழுக்கிக் கட்டை உருளையில் மோதும், வடம் அறும், பாரம் விழும். பேஸ் வரிசை றிலே ஒன்று இருந்தால் வரிசை மாறிய கணத்திலேயே பாரந்தூக்கி இயங்க மறுத்துவிடும். அது இல்லாத இடத்தில், மின் மூலம் மாறிய ஒவ்வொரு முறையும் வெறுங்கொழுக்கியை நடு உயரத்தில் வைத்துத் திசையைப் பார்க்க வேண்டும். எல்லை ஆளியை நாள்தோறும் வேலைக்கு முன், பாரமில்லாமல், மெதுவான வேகத்தில் தொட்டுப் பார்ப்பதும் கட்டாயம்.

மின்னழுத்தம் குறைவதும் பொல்லாதது. மோட்டரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு குறையும். 400 வோல்ற்று 340 ஆனால் கிடைப்பது 72 வீதந்தான். நடுவானில் நிறுத்திய பாரத்தை மறுபடி தூக்கும்போது பிறேக் திறந்துவிடும், மோட்டர் பிடிக்கத் திணறும், பாரம் ஒரு சாண் இறங்கும். பிறேக்கை இறுக்குவது சுருள்வில், திறப்பதுதான் மின்சாரம். ஆகவே மின்சாரம் போனால் அது பிடித்துக்கொள்ளும். ஆனால் குறைந்த மின்னழுத்தத்தில் அது முழுதாகத் திறக்காமல் உரசிச் சூடாகும், தேயும், பிறகு பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

வடத்தை எப்போது கழிப்பது? ஓடும் வடத்தில் ஒரு முறுக்கு நீளத்துக்குள், அதாவது ஒரு புரி வடத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றிவரும் நீளத்துக்குள், 12 கம்பிகள் அறுந்திருந்தால், அல்லது ஒரே புரியில் 4 அறுந்திருந்தால் கழிக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க நியமம். உருளையில் எப்போதும் குறைந்தது இரண்டு சுற்று மிஞ்ச வேண்டும். கடற்காற்று வீசும் நம் ஊரில் இந்த எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது. உப்பு ஈரம் வடத்தின் உள்ளே போய் நடுப்புரியைத் தின்னும், வெளியே கிறீஸ் பளபளக்கும். விட்டம் மெலிந்திருக்கிறதா என்று வேணியரால் அளக்க வேண்டும். இரு பக்க இழுவையையும் சமன்செய்யும் கப்பியை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது சுழல்வதே இல்லை. அங்கே வடம் ஒரே இடத்தில் மடிந்து ஈரம் தேங்கித் துருப்பிடிக்கும். ஏணி வைத்து, வடத்தைக் கொஞ்சம் நகர்த்தி, அந்த மடிப்பைப் பாருங்கள்.

பாரத்தைக் கட்டும் விதத்திலும் எண்கள் உண்டு. 2 தொன் பாரத்தைக் கொழுக்கியிலிருந்து இரண்டாகப் பிரிந்து இறங்கும் கட்டுவடத்தால், அதாவது இரண்டு கால் வைத்துத் தூக்கும்போது, கிடையோடு 60 பாகையில் ஒவ்வொரு காலும் 1.15 தொன் தாங்கும், 45 பாகையில் 1.41 தொன், 30 பாகையில் முழு 2 தொன். கூரை தாழ்வு என்று கட்டுவடத்தைக் குறுக்கிக் கட்டுகிறவர் இரண்டு கால் போட்டும் ஒரு காலின் பலத்தைத்தான் பெறுகிறார். மூலையில் கிடக்கும் பாரத்தைச் சாய்வாக இழுத்து எடுப்பதும் கூடாது. வடத்தில் 5 தொன் இழுவை, 10 பாகைச் சரிவு என்றால் பாலத்தைப் பக்கவாட்டில் ஏறத்தாழ 870 கிலோ இழுக்கிறது. வடம் உருளையின் தவாளிப்பை விட்டு ஏறும், பாரம் நிலத்தை விட்ட கணத்தில் எதிரே நிற்பவர்மீது ஊசலாக வரும்.

ஆகவே கொழுக்கியைப் பாரத்தின் மையத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து, தளர்வை மெதுவேகத்தில் எடுத்து, வடம் இறுகியதும் நிறுத்திக் கட்டைப் பாருங்கள். பிறகு 10 சென்ரிமீற்றர் மட்டும் தூக்கி மீண்டும் நிறுத்துங்கள். பாரம் தானாக இறங்கினால் பிறேக் பழுது. ஒரு பக்கம் சாய்ந்தால் கட்டு மையத்தில் இல்லை. கீழே இறக்கி மறுபடி கட்டுங்கள். சாயும் பக்கத்துக்கு எதிரே ஓர் ஆளை ஏற்றி நிறுத்திச் சமப்படுத்த வேண்டாம்.