நாற்றுக்கான மண்: உரத்துக்கு முன் காற்று

நாற்றுகள் மடிகின்றன என்று ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோரின் முதல் கேள்வி, எந்த உரம் போடலாம் என்பதாகவே இருக்கிறது. நாற்றங்கால் பணியில் நான் பார்த்தவரையில், முளைத்த சில நாட்களிலேயே சாயும் நாற்றுக்கு உரக்குறைவு காரணமாக இருப்பது மிக அரிது. விதையில் உள்ள சேமிப்பும், முளைத்ததும் முதலில் விரியும் வித்திலைகளும், அவற்றுக்குப் பின் வரும் முதல் உண்மை இலை விரியும் வரை செடியைத் தாங்கிவிடுகின்றன. அதுவரை இளம் வேருக்கு வேண்டியது ஈரமும், அந்த ஈரத்துக்கு இடையே காற்றும்தான்.

தோட்டத்தில் செழிப்பாக விளைச்சல் தரும் அதே மண், நாற்று வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட குழித்தட்டில் நிரப்பியதும் இறுகிப்போவது பலருக்கும் வியப்பளிக்கிறது. நிலத்தில் நீர் ஆழம்வரை தொடர்ச்சியாக இறங்கிச் செல்ல வழியுண்டு. குழியிலோ அடியில் மண் முடிந்துவிடுவதால், வடிந்தது போக எஞ்சும் நீர் அடிப்பகுதியில் தேங்கி நிற்கிறது. மண் எவ்வளவு நுண்மையாக இருக்கிறதோ அந்த ஈர அடுக்கு அவ்வளவு உயரமாக இருக்கும். குழி ஆழமற்றதாக இருந்தால் ஏறக்குறைய முழுக் குழியுமே நீரால் நிறைந்து, காற்றுக்கு இடமில்லாமல் போகும். வடிகாலுக்கென்று அடியில் ஜல்லி பரப்புவதும் இதற்குத் தீர்வாகாது, ஏனெனில் மேலே உள்ள நுண்மண் ஈரத்தால் நிறைவடையும் வரை நீர் ஜல்லிக்குள் எளிதில் இறங்குவதில்லை. ஈர அடுக்கு வேருக்கு இன்னும் அருகில் வருவதுதான் மிச்சம். நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் யோசனை என்பதால் இதை விடச் சொன்னால் சிலர் வருத்தப்படுகிறார்கள்.

மேட்டுப்பாத்திக்கும் பெரிய தொட்டிக்கும் சலித்த செம்மண், பருமணல், நன்கு மட்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்தால் போதும். மணல் பருமனாக இருப்பது முக்கியம். பொடிமணல் இடைவெளிகளை அடைத்துவிடும், கடல் மணலோ உப்பைக் கொண்டுவரும். குழித்தட்டுக்கு மண்ணே சேர்க்காமல், மட்கிய தென்னை நார்க் கழிவுடன் மண்புழு உரமும் சிறிது பெர்லைட்டும் (சூட்டில் பொரிந்த, எடை குறைந்த எரிமலைக் கல் துகள்) கலப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ஈரமாக்கிய கலவையைக் கையில் பிடித்து அழுத்தும்போது உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் அதிகம். கார அமில நிலை 6 முதல் 6.8 வரை இருந்தால் பெரும்பாலான காய்கறி நாற்றுகளுக்கு ஏற்றது.

தென்னை நார்க் கழிவில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால், கட்டியாக வாங்கியதை ஊறவைத்துப் பிழிந்து, நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். தொழுவுரம் மட்கியதா என்பதைப் பார்வையால் மட்டும் தீர்மானிக்க இயலாது. ஈரப்படுத்தி ஒரு பையில் கட்டி வைத்துச் சில நாட்கள் கழித்துத் திறக்கும்போது சூடோ அம்மோனியா நெடியோ இருந்தால் அது இன்னும் பக்குவப்படவில்லை. ஐயம் இருந்தால், அந்தக் கலவையில் கொஞ்சம் முள்ளங்கி விதைகளையும், நம்பகமான வேறொரு கலவையில் அதே அளவு விதைகளையும் ஊன்றி முளைப்பை ஒப்பிட்டுவிடலாம். விலையுயர்ந்த விதையைப் பணயம் வைப்பதைவிட இது மேல்.

தண்டு மண்மட்டத்தில் நூல்போல் மெலிந்து நாற்று சாய்ந்தால் அது பெரும்பாலும் நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற கிருமிகள் மண்ணிலும் கழுவாத பழைய தட்டுகளிலும் தங்கியிருந்து, அதிக ஈரமும் நெருக்கமான விதைப்பும் கிடைத்ததும் பரவுகின்றன. மண் சேர்த்த கலவையை நனைத்து, ஒளிபுகும் பாலித்தீன் தாளால் ஓரங்களில் காற்றுப் புகாமல் மூடி, கடும் வெயிலில் 4 முதல் 6 வாரங்கள் வைப்பது செலவு குறைந்த வழி. உலர்ந்த மண்ணை மூடினால் வெப்பம் உள்ளே சரியாகப் பரவாது. டிரைக்கோடெர்மா விரிடி கலப்பதாக இருந்தால் இந்த வெப்பமூட்டல் முடிந்து மண் ஆறிய பிறகே கலக்க வேண்டும், முன்பே கலந்தால் வெப்பத்தில் அந்த நன்மை செய்யும் பூஞ்சையும் அழிய நேரிடும்.

முதல் உண்மை இலைகள் விரிந்த பின்னர் மிக நீர்த்த உரக்கரைசலைக் கொடுக்கத் தொடங்கலாம். நாற்றுகளை எடுத்த பிறகு எஞ்சும் கலவையை அடுத்த விதைப்புக்குப் பயன்படுத்தாமல், வளர்ந்த செடிகளின் தொட்டியில் சேர்த்துவிடுங்கள்.