கோழி எச்சத்தின் வெள்ளை முனை

காலையில் கொடாப்பைத் திறந்து கோழிகளை மேயவிட்ட பின் அடியில் கிடக்கும் எச்சத்தைக் கூர்ந்து பார்த்தால் அதில் இரண்டு நிறங்கள் தெரியும். பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருப்பது செரித்த தீனியின் மிச்சம். அதன் நுனியில் சுண்ணாம்பு தடவியதுபோல் படிந்திருக்கும் வெள்ளைப் பகுதி கோழியின் சிறுநீர். கோழிக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. சிறுநீரகக் கழிவும் குடல் கழிவும் ஒரே வாயில் வழியாக வெளியேறுகின்றன. அந்த வெள்ளைப் பொருளின் பெரும்பகுதி யூரிக் அமிலம். கோழி எரு காய்கறிப் பாத்திக்குத் தரும் வலுவும், அதையே பச்சையாகப் போட்டால் செடி கருகிப்போவதும் இந்த ஒரு பொருளிலிருந்தே தொடங்குகின்றன.

யூரிக் அமிலத்தை 1776-இல் சிறுநீர்க் கற்களிலிருந்து பிரித்தெடுத்தவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற வேதியியலாளர். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. கம்பிலும் சோளத்திலும் உள்ள புரதமும், மேய்ச்சலில் கொத்தித் தின்னும் கரையான், புழு, பூச்சிகளின் புரதமும் கோழியின் உடலில் தசையாகவும் இறகாகவும் முட்டையாகவும் மாறுகின்றன. தேவைக்கு மேற்பட்ட மாவுச்சத்தைக் கொழுப்பாக்கிச் சேமிக்க முடியும். மிஞ்சிய புரதத்தை அப்படிச் சேமிக்க உடலில் இடமில்லை. அதைச் சிதைக்கும்போது பிரியும் நைட்ரஜனை எப்படியேனும் வெளியேற்றியாக வேண்டும். மீன்கள் பெரும்பாலும் அம்மோனியாவாகவே அதை நீரில் விட்டுவிடுகின்றன. மாடும் மனிதனும் யூரியாவாக மாற்றி, ஏராளமான தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகின்றனர். பறவையோ தண்ணீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலமாக மாற்றிக் கூழாகத் தள்ளிவிடுகிறது. இதனால் அதற்கு மிகக் குறைந்த நீரே செலவாகிறது. ஓடு மூடிய முட்டைக்குள் 21 நாள் வளரும் குஞ்சுக்கும் இதுவே பாதுகாப்பு: கரையும் கழிவு உள்ளேயே தேங்கினால் அது குஞ்சுக்கு நஞ்சாகிவிடும், கரையாத துகள்களோ ஓரமாகப் படிந்து கிடக்கும்.

எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தைச் செடியின் வேர் பெரிதும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாக உடைக்கின்றன. அது முதலில் அல்லன்டாயின் என்ற பொருளாகி, பின் யூரியாவாகி, கடைசியில் அம்மோனியாவாகிறது. இந்த வேலைக்கு ஈரம் தேவை. வெயிலில் காய்ந்த எச்சம் அதிகம் நாறாமல் கிடப்பதும், ஐப்பசி மழையில் சாரல் புகுந்த கொடாப்பு மூக்கைத் துளைப்பதும் இதனால்தான். அந்த நெடி அடித்தால், கோழிகளின் கண்ணும் மூச்சுக்குழலும் ஏற்கெனவே துன்பப்படத் தொடங்கிவிட்டன என்று கொள்ளவேண்டும். அடியில் உலர்ந்த தென்னை நார்க்கழிவையோ நிலக்கடலைத் தோலையோ பரப்பி வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சி, உடைப்பு வேலையைத் தாமதப்படுத்தும்.

பச்சை எச்சத்தைக் கத்தரிச் செடியின் தூரில் கொட்டி நீர் பாய்ச்சினால் நடப்பது இதன் வேகமான வடிவம். சில நாள்களுக்குள் அம்மோனியா மிகுந்து வேரின் செல்களைத் தாக்குகிறது. கூடவே கரையும் உப்புகள், வேர் நீர் உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. மண்ணில் ஈரம் இருந்தும் இலை வாடும், ஓரம் கருகும். கோழி எரு சூடு என்று பெரியவர்கள் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது.

இங்கே கொங்கு வீடுகளின் ஒரு பழக்கத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தோட்டத்துச் சாளைகளில் அடுப்புச் சாம்பலும் கோழி எச்சமும் ஒரே குப்பைக்குழிக்குத்தான் போகின்றன. இரண்டும் தனித்தனியே நல்ல உரம். பச்சை எச்சத்தோடு சாம்பல் சேர்வதுதான் இழப்பு. ஈரத்தில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று, மின்னூட்டம் பெற்று நீரிலேயே தங்கும் அம்மோனியம். மற்றொன்று, காற்றில் பறந்துபோகும் அம்மோனியா வாயு. கார அமிலத் தன்மையின் அளவான பி.எச். 7-ஐ ஒட்டி இருந்தால் ஏறக்குறைய முழுவதும் அம்மோனியமாகவே நிற்கும். 9-ஐத் தாண்டும்போது ஏறத்தாழப் பாதி வாயுவாகிவிடும். விறகுச் சாம்பல் வலுவான காரம். அதை எச்சத்தின் மேல் கொட்டும்போது, கோழி சேர்த்துத் தந்த தழைச்சத்தை நாமே காற்றுக்கு அனுப்புகிறோம். சுண்ணாம்புத் தூள் தூவினாலும் இதே கதைதான். கோவை, திருப்பூர்ப் பக்கம் சுண்ணாம்புச்சத்து மிகுந்த மண்ணில் பி.எச். இயல்பாகவே 8-க்கு மேல் இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே பச்சை எச்சத்தை மண் மேற்பரப்பில் தூவிவிட்டு மூடாமல் விடுவதும் வீண். சாம்பலைத் தனியாகச் சேர்த்து, மக்கி முடிந்த எருவைப் போட்டுச் சில வாரங்கள் கழித்து, அதுவும் காரம் மிகாத மண்ணில் சிறிதளவு போடுவதே சரி.

அம்மோனியாவைப் பிடித்து வைக்கும் நல்ல வழி, நுண்ணுயிர்களின் உடலுக்குள்ளேயே அதைப் பூட்டுவது. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனோடு ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு கார்பன் கிடைத்தால் இரண்டையும் வீணாக்காமல் பெருகும். கோழி எச்சத்தில் இந்த விகிதம் 10-க்கும் கீழே. தழைச்சத்து மிகுதி, கார்பன் குறைவு. தென்னை நார்க்கழிவிலோ 100-க்கும் மேலே. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் மலையாகக் குவிந்து கிடக்கும் அந்தக் கழிவும் கொடாப்பின் அடியில் தேங்கும் எச்சமும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. நார்க்கழிவில், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுதியாக இருப்பதால் அது மெதுவாகவே மக்கும். ஆகவே மஞ்சள் அறுவடையில் மிஞ்சும் இலைச்சருகு, கரும்புச் சோகை, வேப்பஞ்சருகு போன்றவற்றையும் கலப்பது நல்லது. ஈர எச்சம் ஒரு கூடைக்கு உலர்ந்த பொருள் மூன்று நான்கு கூடை என்பது கையளவுக் கணக்கு. அம்மோனியா நெடி அடித்தால் உலர்ந்த பொருள் போதவில்லை. குவியல் சூடேறாமலே கிடந்தால் எச்சமோ ஈரமோ போதவில்லை.

குவியல் மூன்றடி உயரமும் மூன்றடி அகலமுமாவது இருந்தால்தான் உள்ளே பிறக்கும் வெப்பம் தங்கும். நன்றாக அமைந்த குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த வெப்பத்தில் சில நாள்கள் இருந்தால் சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் மடியும். களை விதைகளும் பெரும்பாலும் முளைப்புத்திறனை இழக்கும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரவேண்டும் என்பதற்காகவே புரட்டிவிடுகிறோம்.

வெப்பம் தணிந்த குவியலைத் தென்னந்தோப்புக்காரர்கள் கவனிக்கவேண்டும். தென்னங்குருத்தைத் துளைத்து மட்டையை முக்கோணமாக வெட்டுப்பட வைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது பெரும்பாலும் எருக்குழியில்தான். அதன் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் அங்கேயே மாதக்கணக்கில் வளரும். குழியைக் கிளறும்போது கோழிகளை அருகில் விட்டால் ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்னும். வண்டைக் கட்டுப்படுத்த இதைவிட இனிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவை அங்கேயே எச்சமிட்டால் கிருமி மீண்டும் சேரும். ஆகவே கடைசி மாதத்தில் குவியலுக்கு ஓர் அடைப்பு வேண்டும்.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வேறொரு வகை நுண்ணுயிர்கள் வேலை தொடங்குகின்றன. ஒரு கூட்டம் அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டைச் செடிகள் எளிதில் எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாகவும் மாற்றுவதை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர் காட்டினார். சூட்டையும் மிகுந்த அம்மோனியாவையும் தாங்காத இவை மெதுவாகப் பெருகுவதால், பார்வைக்கு மக்கிவிட்ட எருவையும் சில வாரங்கள் நிழலில் ஆறவைப்பது பயன் தரும்.

இந்தக் காத்திருப்பு கீரைப் பாத்திக்கு மிகவும் முக்கியம். மக்காத எருவைப் போட்டால், மண்ணைத் தொட்டு விளையும் பயிரை 120 நாள் கழித்தே அறுக்கவேண்டும் என்று அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள் கூறுகின்றன. கொத்தமல்லியும் சிறுகீரையும் ஒன்றரை மாதத்துக்குள் சமையலறைக்கு வந்துவிடும் பயிர்கள். அவற்றுக்குப் பச்சை எச்சம் எந்த நாளிலும் பொருந்தாது. தக்காளி, மிளகாய், அவரைக்கு மக்கிய எருவும் அளவோடுதான் வேண்டும். தழைச்சத்து மிஞ்சினால் இலை செழித்துப் பூ குறையும், இளந்தளிரில் அசுவினி மொய்க்கும்.

நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், களிமண் துகள்களுக்கும் அதுவே. ஆகவே மண் அதைப் பற்றி வைப்பதில்லை, வடியும் நீரோடு கீழே போய்விடும். கொங்குச் செம்மண்ணில் களியும் மக்கிய பொருளும் குறைவாக இருப்பதால் இந்த இழப்பு இன்னும் எளிது. நம் பக்கத்து ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்வதால், புரட்டாசியிலேயே எரு முழுவதையும் இறைத்துவிடாமல், அப்போது பாதியும், மழை ஓய்ந்த பின் மார்கழியில் மீதியும் மேல்மண்ணோடு கொத்திக் கலப்பது நல்லது.